நோயாளிகளும் தடுப்பூசியும்: கேட்டறிவது மார்க்கக் கடமை

 

 

நம் வீடுகளில் இன்று நோயில்லாத வீடு அரிது. ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு இரத்தக் கொதிப்பு, மற்றொருவருக்கு இருதயக் கோளாறு, வேறொருவருக்கு ஆஸ்துமா. காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை, பின் ஒரு மாத்திரை என்று வாழ்க்கை நடக்கிறது. இப்படிப்பட்டவர்களின் உள்ளத்தில் தடுப்பூசி என்றதும் எழும் கேள்வி ஒன்றுதான்: ஏற்கெனவே நோயுள்ள இந்த உடம்புக்கு இது ஆகுமா? இந்தக் கேள்விக்கு எவ்வாறு விடை தேட வேண்டும் என்பதைப் பற்றியே இந்த வார ஜும்ஆவில் பேச விழைகிறேன். இதில் என் சொந்தத் தவறு ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தலையில் காயம்பட்ட தோழர்

ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. சிலர் ஒரு பயணத்தில் இருந்தபோது அவர்களில் ஒருவரின் தலையில் கல் பட்டுப் பெருங்காயம் ஏற்பட்டது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது உமக்குச் சலுகை ஏது என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது அவர்கள் கடுமையாக வேதனைப்பட்டார்கள். அவருடைய மரணத்திற்கு அந்தத் தோழர்களையே பொறுப்பாக்கினார்கள். தெரியாத நிலையில் அவர்கள் விசாரித்திருக்க வேண்டாமா என்றும், அறியாமை என்னும் நோய்க்குக் கேட்டறிவதுதான் நிவாரணம் என்றும் கருத்துப்பட உரைத்தார்கள்.

சகோதரர்களே! அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னவர்கள் அல்லர். மார்க்கப் பேணுதலால்தான் சொன்னார்கள். ஆனால் நோயுள்ளவருக்கான விடையைத் தெரியாமல் சொன்னார்கள். நல்லெண்ணம் இருந்தும் ஓர் உயிர் போயிற்று. நோயாளி ஒருவர் நம்மிடம் ஆலோசனை கேட்கும்போது, நம் நாவிலிருந்து வரும் ஒரு சொல் எத்துணை கனமானது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை.

நான் சொல்லாமல் விட்ட பதில்

2021ஆம் ஆண்டு ரமளான் மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த காலம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மலைக்குச் சென்று தேன், புளி, சாமை ஆகியவற்றை வாங்கி வந்து விற்பவர். அறுபதைக் கடந்தவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் கூடவே இரத்தக் கொதிப்பும் உள்ளவர்.

“ஹஜ்ரத், எனக்குச் சக்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும் பாய். யோசித்துச் செய்யுங்கள். அல்லாஹ் பாதுகாப்பான்” என்றேன்.

கேட்பதற்கு இது நல்ல பதில்போலத் தோன்றும். அல்லாஹ்வின் பெயரும் அதில் இருக்கிறது. ஆனால் அது பதிலே அல்ல. எனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். வாருங்கள், மருத்துவரிடம் போய்க் கேட்போம் என்று அழைத்துச் சென்றிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. ஊரில் ஊசிக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேச்சுகள் இருந்தன. இரு தரப்பாரின் மனத்தாங்கலும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டேன். அவரோ என் தயக்கத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். “ஹஜ்ரத்தே போடச் சொல்லவில்லை” என்று வீட்டில் கூறியிருக்கிறார்.

ஏப்ரல் 26 முதல் தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. பெருநாள் தொழுகையை வீடுகளிலேயே தொழுதோம். ஷவ்வால் பிறை பிறந்த சில நாட்களில் அந்தப் பெரியவர் மருத்துவமனையில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஊரே திரண்டிருக்க வேண்டிய ஜனாஸாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே நின்றோம்.

அவர் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் கூறவில்லை. ஆயுளை நிர்ணயிப்பவன் அல்லாஹ். நடந்து முடிந்ததைப் பற்றி, அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று புலம்புவதை மார்க்கம் தடுக்கிறது. ஆனால் ஆயுள் என்பது அல்லாஹ்வின் கணக்கு. கேட்டவருக்கு நேர்மையாகப் பதிலளிப்பது என் கணக்கு. நான் விசாரிக்கப்படுவது என் கணக்கைப் பற்றித்தான்.

நோயுள்ளவர்கள் பின்வரிசையா, முன்வரிசையா?

அதன்பின் நான் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுடன் தொடங்கியது. பொதுமக்களில் முதலில் அழைக்கப்பட்டவர்கள் யார்? மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களும், 45 முதல் 59 வயது வரையுள்ளவர்களில் நாட்பட்ட நோய் உள்ளவர்களும் அழைக்கப்பட்டார்கள். இருபது வகை நோய்நிலைகள் பட்டியலிடப்பட்டு, மருத்துவரின் சான்றிதழைக் காட்டினால் அவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. நோயில்லாத 45 வயதுக்காரர் ஏப்ரல் 1 வரையிலும், 18 வயது இளைஞர் மே 1 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதனைச் சற்றுச் சிந்தியுங்கள். நாம் ஊரில் பேசிக்கொண்டதோ, சர்க்கரை உள்ளவர் போடக்கூடாது, இருதய நோயாளி போடக்கூடாது என்று. உண்மையில் அந்த நோய்கள் இருந்ததால்தான் அவர்கள் முன்வரிசைக்கு அழைக்கப்பட்டார்கள்.

காரணம் என்ன? இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் கூடுதலாக இருந்தால் கிருமியை எதிர்க்கும் அணுக்களின் வேலைத்திறன் குறைகிறது. இரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன. கொரோனா கிருமியோ நுரையீரலோடு நில்லாமல் இரத்தக் குழாய்களையும் தாக்கக்கூடியது. அதற்குச் சிகிச்சையாகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை மேலும் ஏற்றியது. 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை என்னும் நோய் கண்களையும் உயிர்களையும் பறித்ததே, அதற்கு இரையானவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோய் உள்ளவர்களே. ஆகவே நோயாளிக்குக் கிருமியால் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். தடுப்பூசியால் வரும் ஆபத்தோ சர்க்கரையாலும் கொதிப்பாலும் கூடுவதில்லை.

தடுப்பூசியில் என்ன இருந்தது? கோவாக்சினில் இருந்தது செயலிழக்கச் செய்யப்பட்ட, அதாவது இறந்த, கொரோனா கிருமி. கோவிஷீல்டில் இருந்தது உடலில் பெருக இயலாதவாறு மாற்றப்பட்ட வேறொரு கிருமி. அது கொரோனாவின் ஒரு பகுதியை மட்டும் உடலுக்கு அடையாளம் காட்டியது. இவ்விரண்டிலும் பெருகக்கூடிய உயிருள்ள கொரோனா கிருமி இல்லை. ஆதலால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் ஊசியால் கொரோனா வர வழியில்லை. எதிரியின் அடையாளத்தை முன்கூட்டியே காவலாளியிடம் சொல்லி வைப்பதுபோன்றதே தடுப்பூசியின் வேலை.

அதற்குப் பின் நிகழ்ந்ததும் அதனால் நிகழ்ந்ததும்

அப்படியானால் மக்கள் ஏன் அஞ்சினார்கள்? தமிழகத்தில் அந்த அச்சத்திற்கு ஒரு பெரிய காரணம் இருந்தது. நடிகர் விவேக் அவர்கள் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளுமாறு வேண்டினார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 17ஆம் தேதி அதிகாலையில் இறந்துவிட்டார். செய்தி ஊரெங்கும் பரவியது. இருதயத்தின் முக்கியமான இரத்தக் குழாய் முழுமையாக அடைபட்டிருந்ததாகவும், அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றும் சிகிச்சையளித்த மருத்துவர்கள் அறிவித்தார்கள். பின்னர் மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அவ்வாறே முடிவு செய்தது. ஆயினும் இந்த விளக்கங்கள் சென்றடைந்த வீடுகளைவிட அச்சம் சென்றடைந்த வீடுகளே அதிகம். எங்கள் பெரியவர் என்னிடம் வந்து கேட்டதும் அந்த வாரத்தில்தான்.

ஒன்றுக்குப் பின் நிகழ்வது வேறு, ஒன்றினால் நிகழ்வது வேறு. குழாய் அடைப்பு என்பது பல ஆண்டுகளாகச் சேர்வது. ஒரே நாளில் உண்டாவதல்ல. கோடிக்கணக்கானோர் ஊசி போடும்போது, அவர்களில் சிலருக்கு வேறு காரணங்களால் அதே வாரத்தில் மரணம் நேரத்தான் செய்யும். எது எதனால் என்பதை ஆராய்ந்து சொல்வது அத்துறை அறிந்தவர்களின் வேலை.

அதே வேளையில், ஊசியால் எந்தப் பாதிப்பும் யாருக்கும் ஏற்படவில்லை என்று சொல்வதும் உண்மையாகாது. சாட்சியம் சொல்லும்போது நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லக்கூடாதல்லவா? கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பின் இரத்தம் உறைந்து, அதோடு தட்டணுக்களும் குறைந்துபோகும் அரிய பாதிப்பு உண்டு என்பது 2021லேயே ஐரோப்பிய நாடுகளில் கண்டறியப்பட்டது. ஒரு இலட்சம் பேருக்கு ஒன்றிரண்டு என்னும் அளவில் அது அங்கே பதிவாயிற்று. கொரோனா நோயாலேயே இரத்தம் உறையும் வாய்ப்பு அதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால்தான் அப்போது ஊசி பரிந்துரைக்கப்பட்டது. இரு பக்கத்தையும் சொல்லி, எது கனமானது என்று எடைபோட்டுக் காட்டுவதே அமானிதத்தைப் பேணும் முறை.

மலையில் கேட்ட எதிரொலி

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியும் அதற்கப்பாலும் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் உள்ளன. சாமை விதைத்தும் தேன் எடுத்தும் வாழும் எளிய மக்கள். அவர்களில் பலருக்கு உலகச் செய்திகள் அடிவாரத்திலிருந்து வரும் வியாபாரிகள் வாயிலாகத்தான் தெரியும்.

எங்கள் பெரியவர் அடிக்கடி சென்றுவரும் ஒரு சிற்றூரில், சுகாதாரப் பணியாளர்கள் ஊசி போடச் சென்றபோது அங்குள்ளவர்கள், “கீழேயிருந்து தேன் வாங்க வரும் பாயே போட்டுக்கொள்ளவில்லை, நாங்கள் மட்டும் ஏன் போட வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார்கள். இதனைப் பின்னாளில் பெரியவரின் மகன் என்னிடம் தெரிவித்தார். மிம்பருக்குப் பக்கத்தில் நான் விட்ட அரைகுறைச் சொல் மலையேறிப்போய் இன்னொரு சமுதாயத்தின் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது! மக்கள் நம்பிக் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள், அவர் ஆலிமாயினும் வியாபாரியாயினும் குடும்பத் தலைவராயினும், இதனை உணர்ந்துகொள்ள வேண்டும்.

தவக்குல் என்பது எது?

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படி, ஊசி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரைக்கு நாள்தோறும் மாத்திரை விழுங்கும் ஒருவர், தடுப்பூசி என்றதும் மட்டும் தவக்குல் பேசுவது பொருந்துமா?

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியது. அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னும் இடத்தில் செய்தியறிந்து நின்றார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் குறைஷி மூத்தவர்களிடமும் தனித்தனியே கலந்தாலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். இது இறைவிதியை விட்டு ஓடுவதாகாதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையளித்தார்கள். அப்போது அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிவழியை எடுத்துரைத்தார்கள்.

நோயும் அவன் விதித்ததே. அதைத் தடுக்கும் மருந்தை மனிதன் கண்டறிவதும் அவன் விதித்ததே. மேலும், ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நெஞ்சில் நோய் கண்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் நேரில் வந்து நலம் விசாரித்தார்கள். அதோடு நின்றுவிடாமல், ஸகீஃப் கூட்டத்தைச் சேர்ந்த மருத்துவரான ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறும் பணித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. இருதய நோயாளியை மருத்துவரிடம் அனுப்புவது நாயக வழிமுறை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

நம் தாத்தா பாட்டிமார்களின் கைகளில் வட்டமாகத் தழும்பு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது பெரியம்மைத் தடுப்பூசியின் தழும்பு. அந்த ஊசியின் காரணமாக 1975க்குப் பின் நம் நாட்டில் பெரியம்மை இல்லை. 1980 மே மாதத்தில் உலகிலேயே அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. போலியோவும் அவ்வாறே 2011 ஜனவரிக்குப் பின் நம் நாட்டில் காணப்படாமல், 2014 மார்ச்சில் சான்றளிக்கப்பட்டது. நம் முன்னோர்கள் தவக்குலை இழந்தா கையை நீட்டினார்கள்?

இத்தாவில் இருந்த தாய் கேட்ட கேள்வி

பெரியவர் மறைந்து ஒரு மாதம் கழிந்திருக்கும். அவருடைய மனைவி மகன் மூலமாக என்னிடம் கேட்டனுப்பினார். அவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டு, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர். “நான் இத்தாவில் இருக்கிறேன். தடுப்பூசிக்காக வெளியே போகலாமா? என் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளுமா?” என்பது கேள்வி.

முதல் பாதி என்னிடம் கேட்க வேண்டியது. தேவைக்காகப் பகலில் வெளியே சென்று இரவில் வீடு திரும்புவதற்குக் கணவரை இழந்து இத்தாவில் இருப்பவருக்கு ஃபிக்ஹு நூல்களில் அனுமதி உண்டு. மருத்துவம் தேவைகளில் முதன்மையானது என்று தெளிவாகச் சொன்னேன். இரண்டாம் பாதி என்னிடம் கேட்க வேண்டியதல்ல. “எனக்கு அது தெரியாது அம்மா. தெரிந்தவரிடம் போவோம்” என்றேன். மகன் தாயை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல, நானும் உடன் சென்றேன்.

அங்கே மருத்துவர் மாத்திரைச் சீட்டு முழுவதையும் பார்த்தார். இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுவோர் குறித்துத் தடுப்பூசியின் தகவல் தாளிலேயே எச்சரிக்கை இருந்ததால் எனக்கும் கவலை இருந்தது. அவர் விளக்கினார்: “ஸ்டென்ட் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அதுதான் ஆபத்து. மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் போதும்.” அவ்வாறே செய்தார்கள். அரைமணி நேரம் அமரவைத்து அனுப்பினார்கள். அன்றிரவு அந்த அம்மாவுக்குக் காய்ச்சலும் உடல் வலியும் இருந்தன. இரண்டு நாள் சர்க்கரை சற்று ஏறிப் பின் இறங்கியது. பன்னிரண்டு வாரங்கள் கழித்து, செப்டம்பரில், இரண்டாம் ஊசியையும் போட்டுக்கொண்டார்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

எந்தத் தடுப்பூசியாயினும், நாட்பட்ட நோயுள்ளவர்கள் ஊசிக்கு முன் இவற்றை மறைக்காமல் கூற வேண்டும்:

1. என்னென்ன நோய்கள், எத்தனை ஆண்டுகளாக உள்ளன என்பது. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அன்றைய மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா என்பது. வார்ஃபரின் சாப்பிடுவோர் அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும்.

3. முன்பு ஏதேனும் ஊசிக்கோ மருந்துக்கோ உடல் முழுவதும் தடித்து, மூச்சுத் திணறல் ஏற்பட்டதுண்டா என்பது. ஒரு தடுப்பூசியின் முதல் தவணைக்கே அவ்வாறு நேர்ந்திருந்தால் அதனை மறுபடி போடக்கூடாது.

4. புற்றுநோய் மருந்து, ஸ்டீராய்டு, மாற்றுச் சிறுநீரகத்திற்கான மருந்து முதலியன எடுத்துக்கொள்கிறீர்களா என்பது. இவர்களுக்கு உயிருள்ள கிருமியால் ஆன சில தடுப்பூசிகள் ஆகாது. இறந்த கிருமியால் ஆனவை பொதுவாக ஆகும். ஆனால் பலன் குறையலாம் என்பதால் எப்போது, எத்தனை தவணை என்பதைச் சிகிச்சையளிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

5. கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா, அன்று கடுமையான காய்ச்சல் உண்டா என்பது. காய்ச்சல் இருந்தால் தணிந்தபின் போட்டுக்கொள்வது வழக்கம்.

ஊசிக்குப் பின் இலேசான காய்ச்சல், கை வலி, சோர்வு ஆகியன ஓரிரு நாளில் நீங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் அந்நாட்களில் அளவைச் சோதித்துக்கொள்வது நன்று. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத கடும் தலைவலி, கால் வீக்கம் போன்றவை கண்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோன்பும் ஹலாலும்

நோன்பு வைத்துக்கொண்டு ஊசி போடலாமா என்பது பலரின் ஐயம். தசையில் போடப்படும் தடுப்பூசி உணவும் அன்று. வாய், மூக்கு வழியாக வயிற்றை அடைவதும் அன்று. எனவே நோன்பு முறியாது என்பதே இக்கால அறிஞர்களில் மிகப் பெரும்பாலோரின் தீர்ப்பு. சர்க்கரை நோயாளி போட்டுக்கொள்ளும் இன்சுலினுக்கும் இதே சட்டம்தான். ஊசிக்குப் பின் காய்ச்சல் கடுமையானால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை வழங்கியிருக்கிறான்.

பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்ற பேச்சும் பரவியது. கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் அது இல்லை. வேறு தடுப்பூசிகளில் பன்றி ஜெலட்டின் கலந்திருந்தாலும், மாற்று இல்லாதபோது உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தை முன்னிட்டு அனுமதியுண்டு என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா சபை 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குக் கொரோனாத் தடுப்பூசி போட்டவர்களையே சவூதி அரசு அனுமதித்தது என்பதும் நாம் அறிந்ததே.

இன்று இது எதற்கு?

கொரோனாவின் உலகளாவிய நெருக்கடி நிலை முடிவுற்றதாக 2023 மே 5 அன்று உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. பின் ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். கேள்வி இன்னும் முடியவில்லை. ஊசியின் பெயர்தான் மாறியிருக்கிறது.

சர்க்கரை, இருதயம், நுரையீரல் நோயுள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். அந்தக் கிருமி அடிக்கடி உருமாறுவதால்தான் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரான ஊசி மிக முக்கியம்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியைச் சர்க்கரை உள்ளது, கர்ப்பமாக இருக்கிறார், பத்தியத்தில் இருக்கிறார் என்று எந்தக் காரணம் காட்டியும் தள்ளிப்போடக்கூடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக மரணம் உறுதி என்பதால், கடிபட்டபின் அந்த ஊசிக்குத் தடையாக எந்த நோயும் இல்லை. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவராயின் அதனையும் அங்கே சொல்ல வேண்டும். மலையடிவாரத்திலும் மலையிலும் வாழும் நமக்கு இது அன்றாடத் தேவை.

மகன் சொன்ன பதில்

2021 செப்டம்பர் 12 அன்று தமிழகமெங்கும் மாபெரும் தடுப்பூசி முகாம்கள் தொடங்கப்பட்டன. அக்காலத்தில் ஒரு நாள் பெரியவரின் மகன் வியாபாரத்திற்காக மலைக்குச் சென்றபோது, தந்தை சென்றுவந்த அதே சிற்றூரில் சுகாதாரப் பணியாளர்களும் இருந்தார்கள். இருதய நோயுள்ள ஒரு விவசாயி இவரைப் பார்த்து, “உங்கள் அப்பா போட்டுக்கொள்ளவில்லையே?” என்று கேட்டாராம். “ஆமாம், அத்தாவுக்குச் சரியாகச் சொல்ல ஆள் இல்லை. அம்மா டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டார்கள். நலமாக இருக்கிறார்கள். நீங்களும் உங்கள் மாத்திரையைக் கொண்டுவந்து காட்டிக் கேளுங்கள்” என்று இவர் கூறியிருக்கிறார். அந்த விவசாயி வீட்டுக்குள் போய், துணிப்பையில் சுற்றி வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து வந்து நர்ஸம்மாவிடம் காட்டினாராம்.

அந்த மகன் என்னைக் குறை கூறவில்லை. சரியாகச் சொல்ல ஆள் இல்லை என்று மட்டும்தான் சொன்னார். அந்த ஆளாக இருந்திருக்க வேண்டியவன் நான் என்பது எனக்குத் தெரியும்.

அன்பிற்குரியவர்களே! இன்று வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்தில் நாட்பட்ட நோயுள்ளவர்களிடம் அமருங்கள். என்னென்ன மாத்திரை, என்ன அச்சம் என்று கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்பவருக்கு நேர்மையாக விடை சொல்லும் நாவையும், அறியாததை விசாரித்து அறியும் பணிவையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், அந்தக் காலத்தில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு மஃபிரத்தையும் மேலான சுவனத்தையும் அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.